792 எம்பி கோப்பு 700 எம்பி சிடியில் ஏறுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வேலந்தாவளத்தில் உங்கள் தாய்மாமன் நடத்திய வீடியோ ஸ்டுடியோ மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கில் நான்கு கோப்புகள் கிடைத்திருக்கின்றன: சித்தி கல்யாணம் என்.ஆர்.ஜி. கோப்பாக, ஊர்க் கும்பாபிஷேகம் ‘பின்’ கோப்பாக, ஒரு காதுகுத்து எம்.டி.எஃப்., எம்.டி.எஸ். என்று ஜோடியாக, இன்னதென்று தெரியாத ஒன்று யு.ஐ.எஃப். ஆக. அம்மாவுக்குப் பழைய டிவிடி பிளேயரில் தட்டைப் போட்டுப் பார்த்தால்தான் திருப்தி. எல்லாக் கோப்புகளின் பின்னொட்டையும் ஐ.எஸ்.ஓ. என்று மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறீர்கள். நான்கு சிடிகள் குப்பைக்குப் போயின. இவை அனைத்தையும் எழுதும் மென்பொருள் எது என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில், ‘பின் கோப்பு 792 எம்பி இருக்கிறது, சிடி 700 எம்பிதானே, இது எப்படி ஏறும்?’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முடிச்சு அந்த வரியில்தான் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறையில் பதினோரு ஆண்டுகள் வீடியோ எடிட்டிங்கும் சிடி நகலெடுப்பும் செய்தவன். எங்கள் கடைக்குத் தமிழக-கேரள எல்லையின் இரண்டு பக்கத்துக் கல்யாணங்களும் வரும். மலையாளக் கல்யாணத்தில் தாலிகட்டையும் சத்ய விருந்தையும் சேர்த்தாலும் ஒரு விசிடியில் (வீடியோ சிடியில்) அடக்கிவிடலாம். பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்யாணம் என்றால் இணைச்சீர்ச் சடங்கில் தொடங்கி மூன்று தட்டாவது வேண்டும். முடித்த வேலையைச் சிடியாக வைத்துக்கொண்டால் கீறல் விழும், தொலையும் என்று, தட்டின் முழு நகலான இமேஜ் கோப்பாக ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைப்போம். உங்கள் மாமாவும் அதைத்தான் செய்திருக்கிறார். இந்தக் கோப்புகளைத் திரும்பத் தட்டாக்கும் வேலையை நூற்றுக்கணக்கான முறை செய்திருக்கிறேன். நகல் தடுப்புப் போட்ட விளையாட்டுச் சிடிகளை நான் தொட்டதில்லை; அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

சிடியில் தகவல் செக்டார் எனும் சிறு பெட்டிகளாக இருக்கிறது. ஒரு வினாடிக்கு 75 பெட்டிகள், ஒவ்வொன்றும் 2352 பைட். 80 நிமிடச் சிடியில் மொத்தம் 3,60,000 பெட்டிகள். சாதாரணக் கணினித் தகவலை எழுதும்போது ஒரு பெட்டியில் 2048 பைட்தான் நமக்கு. மீதியுள்ள 304 பைட், பெட்டியின் அடையாளத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் போய்விடும். 3,60,000 பெட்டிகளை 2048 ஆல் பெருக்கினால் கிடைக்கும் சுமார் 703 எம்பிதான் அட்டையில் அச்சடித்திருக்கும் அந்த 700. ஐ.எஸ்.ஓ. கோப்பில் இந்த 2048 மட்டும் வரிசையாக இருக்கும். ‘பின்’ கோப்பிலோ பெரும்பாலும் பெட்டி முழுதாக, 2352 பைட்டும் அப்படியே இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு சிடியின் முழு உருவம் 807 எம்பி வரை போகலாம். உங்கள் 792 எம்பி தாராளமாக ஏறும். ஏறுவது மட்டுமல்ல, அது எத்தனை நிமிடத் தட்டு என்றும் கோப்பின் அளவே சொல்கிறது: 2352 ஆல் வகுத்து, 75 ஆல் வகுத்தால் வினாடி, அதை 60 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 78½ நிமிடம். விசிடியில் காட்சி ஓடும் நேரமும் தட்டு சுழலும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கும்பாபிஷேகம் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் முழுசாக உள்ளே இருக்கிறது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லலாம்.

பெயர் மாற்றம் ஏன் தோற்றது என்பதும் இதிலிருந்தே தெரியும். வால் ஐ.எஸ்.ஓ. என்று இருந்தால் எழுதும் மென்பொருள் அதை நம்பி, கோப்பை 2048 2048 ஆக நறுக்கி ஒவ்வொரு துண்டையும் ஒரு பெட்டியில் வைக்கிறது. ஆனால் உள்ளே அடுக்கியிருப்பது 2352 கணக்கில். பெட்டிக்கு 304 பைட் வீதம் எல்லாம் சரிந்துகொண்டே போகிறது. வள்ளத்தால் அளந்து கட்டிய நெல் மூட்டைகளை மலையாளப் பறையால் அளந்து பங்கு பிரித்தால் எல்லைக் கிராமத்தில் என்ன சண்டை நடக்குமோ, அதுதான் உங்கள் பிளேயருக்குள் நடந்தது. நெல் எல்லாம் அங்கேயே இருக்கிறது. யார் பங்கு எங்கே தொடங்குகிறது என்றுதான் தெரியவில்லை.

விசிடிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதை முறையாகக்கூட ஐ.எஸ்.ஓ. ஆக்க முடியாது. விசிடியில் முதல் டிராக்கில் சின்னக் கோப்பு அட்டவணை இருக்கும். இரண்டாவது டிராக் முதல் காட்சி. காட்சி இருக்கும் பெட்டிகளில் பிழை திருத்த இடத்தையும் விட்டுக்கொடுத்து 2324 பைட்டுக்குப் படத்தை நிரப்பியிருப்பார்கள். ஒரு புள்ளி பிழையானால் திரையில் ஒரு கட்டம் கலங்கிப் போகும், அவ்வளவுதானே என்ற துணிச்சல். இந்தப் பல டிராக் அமைப்புக்கோ 2324 பைட் பெட்டிக்கோ ஐ.எஸ்.ஓ. கோப்பில் இடமே கிடையாது. ஆகவே ‘முதலில் ஐ.எஸ்.ஓ. ஆக மாற்று, பிறகு எழுது’ என்று இணையம் முழுக்கச் சொல்லும் அறிவுரை டேட்டா சிடிக்கும் டிவிடிக்கும் சரி. விசிடிக்கும் பாட்டுச் சிடிக்கும் கேடு. கோப்பு எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலிருந்தே நேராகத் தட்டுக்குப் போவதுதான் நல்லது. கடையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே இதுதான். சொல்லியும் கேட்காமல் ஒருவன் முகூர்த்த மாதத்தில் ஒரு பெட்டி சிடியைக் காலி செய்தது வேறு கதை.

இனி ஒரு சிடியைக்கூட எடுக்காமல், கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோப்பின் பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் என்று இலவசமாகப் பல கிடைக்கும். அதில் ‘பின்’ கோப்பைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். முதலில் 00, பிறகு பத்து முறை எஃப்எஃப், மறுபடி 00 என்று பன்னிரண்டு பைட் இருந்தால் அது 2352 கணக்குக் கோப்பு; ஐயமே வேண்டாம். அதையடுத்த மூன்று பைட் தட்டில் அந்தப் பெட்டியின் நேர முகவரி. பதினாறாவது பைட் 01 என்றால் சாதாரண டேட்டா சிடி, 02 என்றால் பெரும்பாலும் விசிடி. இந்தப் பன்னிரண்டு பைட் இல்லாமல் தொடக்கம் முழுதும் சுழியாக இருந்து, 32,768 பைட்டைத் தாண்டியதும் சிடி001 என்ற ஐந்தெழுத்து ஆங்கிலத்தில் தெரிந்தால் அது உண்மையிலேயே ஐ.எஸ்.ஓ.தான், பெயர் எதுவாக இருந்தாலும். ஹெக்ஸ் பார்க்கத் தயக்கமாக இருந்தால் ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள். என்.ஆர்.ஜி., பின், எம்.டி.எஃப். மூன்றையும் அது திறந்து, எத்தனை டிராக், எந்த வகை என்று காட்டிவிடும். உள்ளே எம்பெக்ஏவி என்ற கோப்புறையும் அதில் டாட் என்று முடியும் கோப்பும் இருந்தால் விசிடி. வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறை இருந்தால் டிவிடி.

என்.ஆர்.ஜி. என்பது நீரோ மென்பொருளின் சொந்த வடிவம். டிராக் எங்கே தொடங்குகிறது, பெட்டி எத்தனை பைட் என்ற விவரமெல்லாம் கோப்பின் கடைசியில் எழுதப்பட்டிருக்கும். உங்களிடம் நீரோ இல்லையென்றால் விண்டோஸில் இம்க்பர்ன் போதும், அது என்.ஆர்.ஜி.யை அப்படியே வாங்கி எழுதும். 2013இல் வந்த 2.5.8.0 தான் அதன் கடைசிப் பதிப்பு. பழசு என்று தயங்க வேண்டாம், சிடியும் பழசுதானே. நிறுவும்போது மட்டும் ஒவ்வொரு திரையையும் படித்து, கூட ஒட்டிக்கொண்டு வரப்பார்க்கும் வேண்டாத மென்பொருள்களை மறுத்துவிடுங்கள். லினக்ஸில் என்.ஆர்.ஜி.2ஐ.எஸ்.ஓ. என்ற சிறு கருவியைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது செய்வதெல்லாம் கோப்பின் முதல் 3,07,200 பைட்டைத் தள்ளிவிட்டு மீதியை எழுதுவதுதான். அந்த எண் என்ன தெரியுமா? 150 பெட்டிகள் பெருக்கல் 2048. அதாவது டிராக்குக்கு முன்னால் விடும் இரண்டு வினாடி வெற்றிடம். ஒரே டேட்டா டிராக் உள்ள கோப்புக்கு அது சரி. சித்தி கல்யாணம் விசிடியாக இருந்தால் பெட்டி 2336 ஆகவோ 2352 ஆகவோ இருக்கும், அப்போது அந்தக் கருவி குப்பையைத்தான் கொடுக்கும். லினக்ஸ்தான் இருக்கிறது என்றால் சிடிஎமு என்ற மென்பொருளால் கோப்பை ஒரு பொய்யான சிடி டிரைவில் ஏற்றி, அந்த டிரைவிலிருந்து அசல் சிடியை நகலெடுப்பதுபோல் எடுங்கள்.

கியூ இல்லாத பின் கோப்புதான் நான்கிலும் சிரமமானது. கியூ என்பது பெரிய மந்திரமில்லை, பின் கோப்போடு ஜோடியாக இருக்க வேண்டிய, நோட்பேடில் திறக்கக்கூடிய எழுத்துக் கோப்பு. கோப்பின் பெயர், டிராக் எண், அதன் வகை, தொடங்கும் நிமிடம்-வினாடி-பெட்டி எண் ஆகியவைதான் அதில் இருக்கும். ஒரே டிராக் உள்ள டேட்டா சிடி என்றால் நீங்களே மூன்று வரியில் ஒன்றை எழுதிவிடலாம்: முதல் வரியில் ஃபைல் என்ற சொல், மேற்கோள் குறிகளுக்குள் பின் கோப்பின் பெயர், பைனரி என்ற சொல், இரண்டாவதில் டிராக் 01 மோட்1/2352, மூன்றாவதில் இண்டெக்ஸ் 01 00:00:00. எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் கும்பாபிஷேகம் பெரும்பாலும் விசிடியாகத்தான் இருக்கும். அதற்கு இந்த ஒற்றை டிராக் கியூவைப் போட்டால் எழுதும். வெற்றி என்றும் செய்தி வரும். கணினியில் கோப்புகள்கூடத் தெரியலாம். பிளேயரோ இரண்டாவது டிராக்கைத் தேடும், அது இருக்காது, தட்டு இல்லை என்று சொல்லிவிடும். டிராக் எல்லைகளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வழி உண்டு, நான் செய்தும் இருக்கிறேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன், அரை நாள் போகும். சுலபமான வழி: ஐசோபஸ்டரில் பின் கோப்பைத் திறந்து, காட்சிக் கோப்பை எம்பெக் சட்டங்களை மட்டும் வடிகட்டி எடுக்கும் தேர்வில் வெளியே எடுங்கள். கிடைக்கும் எம்பெக் கோப்பை வி.எல்.சி.யில் ஓட்டி, ஆரம்பம் நடு முடிவு மூன்றையும் பாருங்கள். பிறகு விசிடிஇமேஜர் என்ற இலவசக் கருவியிடம் கொடுத்தால் அது புதிய பின், கியூ ஜோடியைச் செய்து தரும்; இம்க்பர்னில் கியூவைத் திறந்து எழுதுங்கள். பின்னைத் திறக்காதீர்கள், கியூவைத் திறக்க வேண்டும். படம் மறுபடி சுருக்கப்படாததால் தரம் கொஞ்சமும் குறையாது. கலசத்தில் தண்ணீர் ஊற்றும் காட்சி மாமா எடுத்தபடியே வரும்.

எம்.டி.எஃப்., எம்.டி.எஸ். ஜோடியில் எம்.டி.எஃப். சரக்கு, எம்.டி.எஸ். விலாசச் சீட்டு. ஆல்கஹால் 120% மென்பொருளின் வடிவம் அது. உங்களுடையது 4 ஜிபிக்கு மேல் என்று எழுதியிருப்பதால் டிவிடிதான். டிவிடியில் பெட்டி எப்போதும் 2048 பைட். சிடியில் உள்ள தலைவலி இல்லை. நகல் தடுப்பு இல்லாத, ஒற்றை அடுக்கு டிவிடியின் எம்.டி.எஃப். உண்மையில் ஐ.எஸ்.ஓ.தான், பெயர் மாற்றினாலும் ஓடும். நீங்கள் செய்த பெயர் மாற்றம் இந்த ஒன்றுக்கு மட்டும் பலித்திருக்க வேண்டும். ஆனால் அதையும் சிடியில் எழுத முயன்றிருக்கிறீர்கள், அது எப்படி நடக்கும். இம்க்பர்னில் எம்.டி.எஸ்.ஸைத் திறந்து டிவிடியில் எழுதுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: டிவிடி-ஆர் வட்டில் 22,98,496 பெட்டிகள், டிவிடி+ஆர் வட்டில் 22,95,104. வித்தியாசம் ஆறரை எம்பிதான். மாமா விளிம்பு வரை நிரப்பியிருந்தால் முந்தியதில் ஏறும், பிந்தியதில் ஏறாது. பழைய பிளேயர்கள் டிவிடி-ஆரைத்தான் நன்றாகப் படிக்கும் என்பது எங்கள் கடை அனுபவம். பிளேயருக்குப் பிளேயர் மாறும், சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யு.ஐ.எஃப். மேஜிக்ஐஎஸ்ஓ மென்பொருளின் சுருக்கப்பட்ட வடிவம். பவர்ஐஎஸ்ஓவின் டி.ஏ.ஏ., அல்ட்ராஐஎஸ்ஓவின் ஐ.எஸ்.இசட். எல்லாம் இதே குலம். ஜிப் கோப்பைப் போல உள்ளே அமுக்கி வைத்திருப்பதால் இதை நேராக எழுதுவது எளிதல்ல, பெயர் மாற்றுவது சுத்த வீண், முதலில் பிரிக்கத்தான் வேண்டும். லூயிஜி அவுரியெம்மா என்ற இத்தாலிய நிரலாளர் எழுதிய யு.ஐ.எஃப்.2ஐ.எஸ்.ஓ. என்ற சிறு கருவி இதற்கென்றே இருக்கிறது. அது வேலையை முடித்ததும் என்ன வடிவில் கொடுக்கிறது என்று கவனியுங்கள்: உள்ளே அமுக்கப்பட்டது டேட்டா சிடியாகவோ டிவிடியாகவோ இருந்தால் ஐ.எஸ்.ஓ. வரும், வேறு வடிவில் வந்தால் மேலே சொன்ன முறைகளுக்குத் திரும்பிப் போங்கள்.

எழுதும் நேரத்துக்குச் சில வார்த்தைகள். முதலில் அந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நான்கையும் வேறு இரண்டு இடங்களுக்கு நகலெடுத்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்; இத்தனை வருடம் சுழலாமல் இருந்தது இன்னும் எத்தனை முறை சுழலும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. என்.ஆர்.ஜி. கோப்பை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துச் சிடியில் விடாதீர்கள். அப்போது சிடியில் ஒரு என்.ஆர்.ஜி. கோப்புதான் இருக்கும், கல்யாணம் இருக்காது. விண்டோஸ் 7 முதல் கூடவே வரும் எழுதும் வசதி ஐ.எஸ்.ஓ., ஐ.எம்.ஜி. இரண்டையும் தவிர வேறெதையும் அறியாது. விசிடியை சிடி-ஆர்டபிள்யூவில் எழுதிச் சோதிக்கலாம் என்று தோன்றும். கணினியில் சோதிக்கச் சரி. ஆனால் அதில் ஒளி திரும்பி வருவது மிகக் குறைவு என்பதால் பழைய பிளேயர் படிக்காமல் போகலாம், அதைக் கண்டு கோப்பு கெட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சிடி-ஆருக்கு 16 மடங்கு வேகம் வைத்துக்கொள்ளுங்கள். மிக மெதுவாக எழுதினால் மிக நன்றாக வரும் என்ற நம்பிக்கை எங்கள் தொழிலில் மதம்போலப் பரவியிருந்தது. பிந்தைய காலத்துத் தட்டுகளுக்கு அது பொருந்தவில்லை. எழுதி முடித்ததும் சரிபார்க்கும் தேர்வை விடாமல் ஓட்டுங்கள். சிடியின் மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுத வேண்டாம். தகவல் இருக்கும் படலம் அந்த மேல்பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது, கீழே தெரியும் கனமான பிளாஸ்டிக்குக்குள் இல்லை. மார்க்கர் போதும்.

வரிசை கேட்டால், காதுகுத்து டிவிடியை முதலில் எழுதுங்கள், அதுதான் தவறவே வழியில்லாதது. அடுத்து கல்யாணம், பிறகு கும்பாபிஷேகம். யு.ஐ.எஃப். கடைசியில் இருக்கட்டும், ஏனென்றால் அதில் கடவுச்சொல் போட்டிருக்க வாய்ப்புண்டு. பாக்கிப் பணம் வராத கல்யாணக் கோப்புகளுக்குப் பூட்டுப் போடும் வழக்கம் எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்களில் சிலரிடம் இருந்தது. அப்படிக் கேட்டால் உடைக்கும் மென்பொருளைத் தேடி அலைவதற்கு முன், மாமாவின் பழைய கடை அட்டையோ பில் புத்தகமோ வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் பெரும்பாலோர் கடையின் தரைவழித் தொலைபேசி எண்ணைத்தான் கடவுச்சொல்லாகப் போட்டிருந்தோம். அட்டை கிடைக்காவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள், தம்பி கடை எண் அவருக்கு இன்னும் நினைவிருக்கும்.